டூம் ஆஃப் டிராகுலா 6-வது இதழோட நின்னுட்டேன், மேல படிக்கலாமா?

நைட் டியூட்டி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். இங்க ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டுப் போற ஆள் நான், இழை ஆரம்பிக்கிறது இதான் முதல் தடவை. ரத்த வங்கில லேப் டெக்னீஷியனா இருக்கேன், மாசத்துல பத்து நாளாச்சும் ராத்திரி ஷிஃப்ட் வரும், ஒரு மணிக்கு மேல போன் வர்றது கொறஞ்சதும் கண்ணு சொருக ஆரம்பிச்சிடும், அதுக்குதான் காமிக்ஸ். சின்ன வயசுல அண்ணன் சேத்து வச்சிருந்த முத்து, லயன், ராணி எல்லாம் படிச்சவதான், நடுவுல பல வருஷம் விட்டுப் போச்சு, இப்ப மறுபடி பிடிச்சிக்கிட்டேன்.

பேய்க்கதைன்னா எனக்கு உசுரு, அதுலயும் ரத்தக்காட்டேரி கதைன்னா சோறு தண்ணி வேணாம். மார்வெல் 1972ல ஆரம்பிச்ச டூம் ஆஃப் டிராகுலா (Tomb of Dracula) மொத்தம் 70 இதழ், முழுசா படிச்சே ஆகணும்னு தொகுப்பு வாங்கிட்டேன். ஆனா ஆறு இதழ் முடிக்கவே ரெண்டு வாரம் இழுத்துருச்சு. முதல் இதழ் நல்லாதான் போச்சு. ஃபிராங்க் டிரேக்னு ஒருத்தன், இருந்த சொத்தையெல்லாம் கரைச்சிட்டு மிச்சமிருக்கிற பரம்பரைக் கோட்டைய டூரிஸ்ட் இடமா மாத்தலாம்னு டிரான்சில்வேனியா போறான், கூட வந்த ஃபிரண்டு எலும்புக்கூட்டு நெஞ்சுல இருந்த மரமுளைய உருவிடறான், டிராகுலா எழுந்துடறான். அதுக்கப்புறம் ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு திசைல ஓடுது, ஒருத்தரும் மனசுல நிக்கல. மேல படிச்சா சரியாகுமா, இல்ல வேற ஏதாச்சும் தொடங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கதைய மட்டும் உடைச்சிடாதீங்க ப்ளீஸ்.

பழைய பேப்பர் கடை எழுதியது:

தங்கச்சி, தயவு செஞ்சு இந்த இடத்துல விட்றாதீங்க. நீங்க சொன்ன குறை நூத்துக்கு நூறு நிஜம், அதுக்கு காரணமும் இருக்கு. முதல் ஆறு இதழுக்கு மூணு பேர் கதை எழுதியிருக்காங்க. முதல் ரெண்டு ஜெர்ரி கான்வே, அடுத்த ரெண்டு ஆர்ச்சி குட்வின், 5-ம் 6-ம் கார்ட்னர் ஃபாக்ஸ். ஆளாளுக்கு ஒரு பக்கம் வண்டிய இழுத்தா எப்படி இருக்கும், அதான் உங்களுக்கு அப்படி இருந்திருக்கு. 7-வது இதழ்ல மார்வ் உல்ஃப்மேன் வர்றார், அங்கேருந்து 70 வரைக்கும் அவரே. படம் பாத்தீங்கன்னா 1-லேருந்து 70 வரைக்கும் ஜீன் கோலன் ஒருத்தர் கைதான், ஒரு இதழ் கூட விடல. மாசாமாசம் வர்ற அமெரிக்க காமிக்ஸ்ல ஏழு வருஷம் ஒரே ஓவியர் நின்னு வரையறது எவ்வளவு அபூர்வம்னு சேகரிக்கிறவங்களுக்குத் தெரியும்.

7-வது இதழ எடுங்க. குவின்சி ஹார்க்கர்னு ஒரு பெரியவர் வருவார். அவரை மட்டும் கவனிங்க, வேற எதுவும் சொல்ல மாட்டேன்.

மங்கா வெறியன் எழுதியது:

அக்கா நான் ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க, 70 இதழ் ரொம்ப நீளம், அந்த காலத்து இங்கிலீஷ் வசனம், ஒரு பேனல்ல பாதிக்கு மேல எழுத்து தான் இருக்கும், படத்துல தெரியறதையே திருப்பி எழுத்துல சொல்லுவாங்க. நைட் ஷிஃப்ட்ல படிக்கிறதுக்கு ஹெல்சிங்னு ஒரு மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ் எடுத்துக்கோங்க, கோட்டா ஹிரானோ போட்டது, பத்தே பாகம், அலுகார்டுன்னு பேரு, இங்கிலீஷ் எழுத்த திருப்பி போட்டா டிராகுலா, அந்தாளு சிரிக்கிறத பாத்தா தூக்கமே வராது. வலதுலேருந்து இடதுக்கு படிக்கணும், ஒரு அத்தியாயத்துல பழகிடும்.

நைட் டியூட்டி எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி தம்பி. கோச்சுக்க என்ன இருக்கு, ஹெல்சிங் லிஸ்ட்ல போட்டாச்சு. 7-வது இதழ் இன்னிக்கு ராத்திரி படிச்சிட்டு வர்றேன்.

முப்பது ராத்திரி எழுதியது:

சின்னதா ஒண்ணு வேணும்னா 30 டேஸ் ஆஃப் நைட். ஸ்டீவ் நைல்ஸ் கதை, பென் டெம்பிள்ஸ்மித் படம், 2002ல மூணே இதழ். முதல்ல சினிமாவுக்குன்னு சொல்லிப் பாத்த கதை, யாரும் எடுத்துக்கல, காமிக்ஸா வந்த பிறகு 2007ல சினிமாக்காரங்களே தேடி வந்து படமாக்குனாங்க. அலாஸ்காவோட வடக்கு முனைல பேரோன்னு ஒரு ஊர், குளிர்காலத்துல ஒரு மாசம் சூரியனே வராது, காட்டேரிகளுக்கு இதைவிட என்ன விருந்து வேணும், கூட்டமா வந்து ஊரையே வேட்டையாடுதுங்க. இவ்வளவுதான் கதை. இத்தனை வருஷமா இந்த யோசனை வேற யாருக்கும் ஏன் வரலன்னு படிக்கும்போது ஆச்சரியமா இருக்கும். நிஜத்துல அந்த ஊர்ல ஏறக்குறைய 65 நாள் சூரியன் வராது, கதைல 30. ஊர் பேரையும் 2016ல உட்கியாக்விக்னு அவங்க பழைய பேருக்கே மாத்திட்டாங்க.

காமிக்ஸோட ஓவியம் எல்லாருக்கும் பிடிக்காது, கலங்கின தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி இருக்கும், எனக்கு அதான் பயமா இருந்துச்சு. அடுத்தடுத்து வந்த பாகங்கள் தேவையே இல்ல, மூணு இதழோட நிறுத்திக்கோங்க.

நைட் டியூட்டி எழுதியது:

வந்துட்டேன். 7-லேருந்து 12 வரைக்கும் ஒரே ராத்திரில முடிச்சிட்டேன், காலைல ஷிஃப்ட் மாத்தி விடும்போது என் முகத்த பாத்துட்டு கூட வேலை செய்யற அக்கா என்னாச்சுடி அழுதியான்னு கேட்டாங்க.

இனிமே எழுதறதுல 12-வது இதழோட முக்கியமான விஷயம் வருது, படிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க. பழைய பேப்பர் கடை அண்ணா சொன்ன குவின்சி ஹார்க்கர் பிராம் ஸ்டோக்கரோட டிராகுலா நாவல் கடைசில பொறக்கிற குழந்தையாம்! 1897ல வந்த நாவல்ல கைக்குழந்தையா இருந்தவர் இந்த காமிக்ஸ்ல தள்ளாத கிழவர், வீல்சேர்ல உக்காந்திருக்கார், அந்த வீல்சேர்லயே அம்பு, ஆயுதம்னு எல்லாத்தையும் மறைச்சி வச்சிருக்கார், பக்கத்துல செயின்ட்னு ஒரு நாய். வாழ்க்கை பூரா டிராகுலாவை துரத்தியே கழிச்சிருக்கார், அவனோ இன்னிக்கும் அதே வயசு. 12-ல அவர் பொண்ணு ஈடித்தை டிராகுலா காட்டேரியா மாத்திடறான், பெத்த அப்பாவே... எனக்கு மேல எழுத வரல. எங்க தாத்தா கடைசி நாலு வருஷம் வீல்சேர்ல இருந்தார், அவரோட கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், கோலன் அந்த கைய அப்படியே வரைஞ்சிருக்கார். நரம்பு எழும்பின, கொஞ்சம் நடுங்கற கை.

கோடும் மையும் எழுதியது:

சகோதரி, அந்த கை விஷயத்த கவனிச்சதுக்காகவே இந்த பதில் எழுதறேன். நான் ஓவியம் கத்துக் குடுக்கறவன், ஜீன் கோலன பத்தி பேச ஆள் கிடைச்சா விடமாட்டேன்.

மத்த அமெரிக்க ஓவியர்கள் பெரும்பாலும் கோடு போட்டு உருவத்த பிரிப்பாங்க, கோலன் அப்படி யோசிக்கல, பென்சில படுக்க வச்சி நிழலா தேச்சி தேச்சி வெளிச்சம் எங்க விழுதோ அங்க உருவத்த கொண்டு வருவார். மூடுபனிக்குள்ளேருந்து ஒரு முகம் பாதி வெளிய வரும், மீதி பாதி இருட்டுலயே நிக்கும். பேனலோட கட்டமே நேரா இருக்காது, சாய்ஞ்சி உடைஞ்சி கிடக்கும், டிராகுலாவோட அங்கி ஒரு கட்டத்துல ஆரம்பிச்சி அடுத்த கட்டம் வரைக்கும் பறக்கும். இப்படிப்பட்ட பென்சிலுக்கு மை போடறது பெரிய தண்டனை, ஏன்னா அச்சுக்கு கருப்பு இல்ல வெள்ளை ரெண்டுதான் இருக்கு, நடுவுல சாம்பல் கிடையாது. டாம் பாமர் அந்த சாம்பலை மெல்லிசான கோடாவும் புள்ளியாவும் மாத்தினார். இந்த தொடர்ல பெரும்பாலான இதழுக்கு மை அவருதான். கோலன் பேர் சொல்றவங்க பாமர் பேரையும் சேத்து சொல்லணும்கிறது என்னோட பிடிவாதம்.

இன்னொரு விஷயம். டிராகுலாவோட முகத்துக்கு கோலன் மனசுல வச்சிருந்தது நடிகர் ஜேக் பேலன்ஸ். அதுக்கப்புறம் 1974ல அந்த பேலன்ஸே ஒரு டிவி படத்துல டிராகுலாவா நடிச்சார்! படம் வரைஞ்சவருக்கு இருந்த கண்ண பாருங்க.

நீங்க கலர் தொகுப்பா வச்சிருக்கீங்க? எசென்ஷியல்னு கருப்பு வெள்ளைல ஒரு தொகுப்பு வந்துச்சு, காகிதம் சுமார்தான், ஆனா அந்த மை வேலைய பாக்கணும்னா அதுதான். கலர்ல நிறைய இடம் மூடிப் போயிருக்கு.

நைட் டியூட்டி எழுதியது:

கலர்தான் அண்ணா வச்சிருக்கேன். நீங்க சொன்னதுக்கப்புறம் ஒரு பக்கத்த செல்போன்ல போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்தி பாத்தேன், அம்மாடி, சுவத்துல இருந்த நிழல் பூரா அப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

வடலி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். இந்த இழைய ஆசையா வாசிச்சுக்கொண்டு வாறன். ஒரு கேள்வி. 1972க்கு முதல் அமெரிக்காவில காட்டேரி காமிக்ஸ் ஏன் பெரிசா இல்ல? நாவல் இருந்தது, சினிமா இருந்தது, காமிக்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு பிந்தி வந்தது?

பழைய பேப்பர் கடை எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பிந்தி வரல, முன்னாடியே இருந்துச்சு, தடை பண்ணிட்டாங்க. 1950கள்ல ஈசி காமிக்ஸ்னு ஒரு கம்பெனி பேய்க்கதை இதழா போட்டு வித்துத் தள்ளிச்சு. 1954ல ஃபிரெட்ரிக் வெர்தம்னு ஒரு மனநல டாக்டர் காமிக்ஸ்தான் பசங்கள கெடுக்குதுன்னு புத்தகமே எழுதினார், அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை வச்சது, ஈசி முதலாளி வில்லியம் கெயின்ஸ் போய் பதில் சொல்லிப் பாத்தார், எடுபடல. அரசாங்கம் சட்டம் போடறதுக்கு முன்னாடி நம்மளே கட்டுப்பாடு போட்டுக்கலாம்னு பதிப்பாளர்கள் சேர்ந்து காமிக்ஸ் கோடு (Code), அதாவது விதிமுறைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுல நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனுஷன் எல்லாத்துக்கும் பேர் சொல்லியே தடை. அட்டைல அந்த முத்திரை இல்லன்னா பெரும்பாலும் கடைக்காரன் இதழை அடுக்க மாட்டான். ஆக பதினேழு வருஷம் அந்த முத்திரையோட வந்த அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்கள்ல காட்டேரிக்கு இடமில்லாம போச்சு.

இதுக்கு ஒரு சந்து கண்டுபிடிச்சவர் ஜேம்ஸ் வாரன். கோடு காமிக்ஸ் புத்தகத்துக்குத்தானே, நான் பெரிய சைஸ்ல கருப்பு வெள்ளைல பத்திரிகையா போடறேன்னு இறங்கிட்டார். 1969ல வேம்பிரெல்லா வந்தது அப்படித்தான். ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் உருவாக்கினார், உடுப்பு வடிவமைச்சது டிரினா ராபின்ஸ், முதல் அட்டை ஃபிராங்க் ஃபிரசெட்டா. 1983 வரைக்கும் 112 இதழ் போச்சு.

1971ல அந்த விதிமுறைய திருத்தினாங்க. டிராகுலா, ஃபிராங்கென்ஸ்டைன் மாதிரி இலக்கிய மரபுல எழுதினா காட்டேரியும் ஓநாய் மனுஷனும் வரலாம்னு ஆச்சு. அந்த வருஷமே ஸ்பைடர்மேன் 101-வது இதழ்ல மோர்பியஸ்னு ஒரு காட்டேரி வந்துட்டான், ராய் தாமஸ் கதை, கில் கேன் படம். அடுத்த வருஷம் டிராகுலாவே நேர்ல வந்துட்டான். பதினேழு வருஷம் அடைச்சி வச்ச கதவு திறந்தா எப்படி பாயும்னு யோசிச்சிப் பாருங்க.

இதுலயே இன்னொரு விஷயம் இருக்கு. உல்ஃப்மேன்னா இங்கிலீஷ்ல ஓநாய் மனுஷன், ஆனா அது அவரோட நிஜமான குடும்பப் பேர். கோடு திருத்தறதுக்கு முன்னாடி ஒரு கதைல அந்தப் பேர பாத்துட்டு ஓநாய் மனுஷனுக்கு இங்க இடமில்லன்னு கோடுகாரங்க நிறுத்திட்டாங்க. எழுதினவர் பேரே அதுதான்னு விளக்கின பிறகு, அப்படின்னா எழுதியவர்னு பேர் போட்டுடுங்கன்னு சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் அந்த மாதிரி பேய்க்கதை இதழ்கள்ல எழுதினவங்க பேர் போடற வழக்கமே இல்ல, ஒருத்தருக்கு போட்டா மத்தவங்களும் கேப்பாங்கல்ல, அப்படித்தான் பல பேருக்கு பேர் கிடைச்சிது.

1972ன்னு சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைஞ்சிடும். சிவகாசில நம்ம முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான்.

மங்கா வெறியன் எழுதியது:

அண்ணே செம்ம தகவல். நானும் ஒண்ணு சேக்கறேன், அதே 1972லதான் ஜப்பான்ல மோட்டோ ஹாகியோ போ கிளான் ஆரம்பிச்சாங்க. பொண்ணுங்க படிக்கிற பத்திரிகைல வந்த காட்டேரி கதை. எட்கர்னு ஒரு பையன், 14 வயசுல காட்டேரியா மாத்திடறாங்க, நூத்துக்கணக்கான வருஷம் 14 வயசாவே இருக்கான், கூட ஆலன்னு ஒரு பையன், ரெண்டு பேரையும் சேத்தா எட்கர் ஆலன் போ. கடிக்கிற காட்சி பெருசா இருக்காது, ரத்தமும் கம்மி. ஒரு ஊர்ல ரொம்ப நாள் தங்க முடியாது, ஏன் இந்த பையன் வளரவே இல்லன்னு கேட்டுடுவாங்க, அதனால கிளம்பிக்கிட்டே இருக்கணும். சின்ன வயசுல இவனோட விளையாடின பொண்ணு பாட்டியாகி இவனை ரோட்டுல பாக்கற மாதிரியான கதை. ஹெல்சிங் மட்டும்தான் எனக்கு பிடிக்கும்னு நினைச்சிடாதீங்க, எனக்கு உள்ளுக்குள்ள பெருசு இதுதான். ஃபேண்டாகிராஃபிக்ஸ் இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க.

ஆனா அக்கா, டூம் ஆஃப் டிராகுலா மேல எனக்கு ஒரு குறை இருக்கு, அது மாறல. டிராகுலாவ கொல்றாங்க, திரும்ப எழுந்துக்கறான், மறுபடி கொல்றாங்க, மறுபடி எழுந்துக்கறான். செத்தா செத்ததா இருக்கணும், இல்லன்னா எதுக்கு பயப்படணும்?

நைட் டியூட்டி எழுதியது:

தம்பி நீ சொன்ன போ கிளான் கதையவும் நான் இப்ப படிக்கிற கதையவும் பக்கத்துல பக்கத்துல வச்சி பாரு, ரெண்டும் ஒண்ணதான் சொல்லுது. அவனுக்கு வயசாகாது, சுத்தி இருக்கறவங்களுக்கு வயசாகுது. டிராகுலா எழுந்துக்கறது எனக்கு உறுத்தல, அவன் எத்தனை தடவை எழுந்தாலும் குவின்சிக்கு ஒரு தடவைதான் வாழ்க்கை, போன பொண்ணு போனதுதான். அவன் திரும்பி வரும்போதெல்லாம் இவங்க பக்கம் யாராச்சும் கொறஞ்சிருக்காங்க, மிச்சம் இருக்கறவங்க இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்காங்க. எனக்கு பயம் அங்கதான் வருது.

நேத்து 25 வரைக்கும் வந்துட்டேன். ஹானிபல் கிங்! துப்பறியறவன்னு நம்பி கூடவே போயிட்டு கடைசி பக்கத்துல எனக்கு தூக்கிப் போட்டுடுச்சு. உயிரோட இருக்கறவங்க யாரையும் கடிக்க மாட்டேன்னு வைராக்கியமா இருக்கான், ரத்த வங்கி ரத்தத்துல காலத்த ஓட்டறான். இத படிச்சப்ப என் பின்னாடி ஃபிரிட்ஜ் ஓடிட்டு இருந்துச்சு, 2-லேருந்து 6 டிகிரி செல்சியஸ்ல. என் வேலைய வச்சி சொல்றேன், ஒரு பை 350 மில்லி, பெரிய பை 450 மில்லி. உறையாம இருக்க சிட்ரேட் கலந்த திரவம் பையிலயே இருக்கும், அதுல பலகாலமா பழக்கத்துல இருக்கற வகைல ரத்தம் 35 நாள்தான் நிக்கும். பெரியவங்க உடம்புல சுமாரா அஞ்சு லிட்டர் ஓடுது, ஒரு ஆளோட ரத்தத்துக்கு ஈடா எத்தனை பை தேடணும்னு கணக்கு போட்டேன், பத்துக்கு மேல வருது. அவனோட வைராக்கியம் எவ்வளவு பெருசுன்னு அப்பதான் உறைச்சுது. ஒரு பைக்காக ஆஸ்பத்திரி வராந்தால மக்கள் எப்படி நிக்கறாங்கன்னு தினம் பாக்கறவ நான், கடிக்காம இருக்கணும்னு நினைக்கிற காட்டேரிக்கும் அது சுலபமா கிடைக்காது.

முயல்குட்டி எழுதியது:

இந்த பதிலுக்காகவே கணக்கு தொடங்கினேன் அக்கா. தொடர்ந்து எழுதுங்க.

முப்பது ராத்திரி எழுதியது:

காட்டேரிய வேட்டையாடற பிளேடு 10-வது இதழ்ல வந்தாரே, அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே? 1998 சினிமா பாத்துட்டு வர்றவங்க ஏமாந்து போற இடம் அது.

நைட் டியூட்டி எழுதியது:

ஆமா மறந்துட்டேன்! சினிமால கருப்பு கோட்டும் வாளுமா பாத்திருந்தேன், இங்க பச்சை ஜாக்கெட், மஞ்சள் கண்ணாடி, நெஞ்சு பூரா மரக்கத்தி. கடிச்சா மாற மாட்டார், அவ்வளவுதான் அவருக்கு இருக்கிற வசதி, மத்தபடி நம்மள மாதிரி மனுஷன்தான். பிரசவ நேரத்துல அம்மாவ ஒரு காட்டேரி கடிச்சிடுச்சு, அந்த கோவம் ஒண்ணுதான் அவரை ஓட வைக்குது. எனக்கு இந்த பழைய பிளேடுதான் பிடிச்சிருக்கு.

பழைய பேப்பர் கடை எழுதியது:

சரியா பிடிச்சீங்க. பாதி காட்டேரி பலம் எல்லாம் சினிமாவுக்கு அப்புறம் காமிக்ஸ்ல ஏத்தினது, மோர்பியஸ் கடிச்சதால வந்துச்சுன்னு ஒரு கதை கட்டினாங்க. அந்த 10-வது இதழ் 1973 ஜூலை தேதி போட்டு வந்தது.

வடலி எழுதியது:

நான் இப்ப இந்தத் தொடரத் திருப்பி வாசிக்கத் தொடங்கிட்டன், உங்களாலதான். ஆனா ஒரு விசயம் மனசுக்க குத்துது, சொல்லோணும். டிராகுலாவைத் துரத்துற அந்தக் கூட்டத்தில தாஜ் நிட்டால் எண்டு ஒரு இந்தியர் இருக்கிறார். கதைக்கேலாது, டிராகுலா கடிச்சு தொண்டை போனது. ஆளைப் பாத்தா தலைப்பாகை, மலை மாதிரி உடம்பு, ரேச்சல் வான் ஹெல்சிங்குக்குப் பின்னால நிக்கிறதுதான் வேலை. எங்கட பக்கத்து ஆள் எண்டா வாய் பேசாத எடுபிடியாத்தான் இருக்கோணுமோ? முதல் இருபது இதழுக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

நைட் டியூட்டி எழுதியது:

எனக்கும் அதே கோவம் வந்துச்சு. நீங்க எந்த இதழ்ல இருக்கீங்கன்னு தெரியல, அதனால பாத்து சொல்றேன். தாஜுக்குன்னு பின்னாடி தனியா ஒரு கதை வருது, இந்தியாவுக்கு திரும்பிப் போறார், மனைவி இருக்காங்க, மகன் இருக்கான், அந்த மகனுக்கு என்ன ஆச்சுங்கிறது வருது. அத படிச்சதுக்கப்புறம் அவரோட மௌனத்துக்கு ஒரு கனம் வருது. ஆனா அதுக்காக முதல்ல செஞ்சது சரின்னு ஆயிடாது. உல்ஃப்மேன் மனுஷங்களை எழுதத் தெரிஞ்சவர், அந்த மனுஷங்கள்ல ஒருத்தரா தாஜை நினைக்க அவருக்கு அவ்வளவு இதழ் தேவைப்பட்டிருக்கு. நான் இந்தத் தொடரை உயிரா நேசிக்கிறேன், ஆனாலும் இதை சொல்லாம விட முடியாது.

வடலி எழுதியது:

அந்தக் கதை வாசிச்சிட்டன் தங்கச்சி. இரண்டு நாளா வேற எதுவும் வாசிக்கேல்ல.

நான் இன்னொண்டும் கேக்கோணும். தமிழில வேம்பயருக்கு ரத்தக்காட்டேரி எண்டு சொல்றம். உங்கட பக்கம் காட்டேரி குலதெய்வமாயும் இருக்கெல்லோ? கும்பிடுற தெய்வத்தின்ர பேர இப்பிடி வைக்கிறது சரியா? வேதாளம் எண்டு சொல்லலாமோ?

பழைய பேப்பர் கடை எழுதியது:

காட்டேரி அம்மனுக்கு படையல் போடற குடும்பத்துல பொறந்தவன் நான், அதனால உரிமையோட சொல்றேன். எங்க வீட்டுல அவ காவல்காரி. ரத்தம்கிற சொல்ல முன்னாடி சேத்து ரத்தக்காட்டேரின்னு சொல்லும்போது அது வேற ஒண்ணாயிடுதுன்னு எடுத்துக்கறேன், எத்தனையோ வருஷமா காமிக்ஸ்ல படிச்சி காதுல பதிஞ்ச சொல், மாத்த மனசு வரல. ஆனா வெறும் காட்டேரின்னு சுருக்கறத நான் தவிர்ப்பேன், இந்த இழைலயே நானும் சுருக்கியிருக்கேன், இனிமே பாத்துக்கறேன்.

வேதாளம் சரி வராது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870ல விக்ரமாதித்தன் வேதாளக் கதைகள்ல கொஞ்சத்த இங்கிலீஷ்ல எழுதும்போது வேதாளத்த வேம்பயர்னு போட்டுட்டார். ஆனா அம்புலிமாமால நாம படிச்ச வேதாளம் யார் ரத்தத்த குடிச்சுது? பிணத்துக்குள்ள புகுந்துக்கும், முருங்கை மரத்துல தொங்கும், கதை சொல்லி கேள்வி கேக்கும், பதில் சொன்னதும் மறுபடி மரம் ஏறிடும். அதுக்கு பசி கிடையாது, புத்திதான் உண்டு. அம்புலிமாமால சங்கர் வரைஞ்ச அந்த படத்த நினைச்சிப் பாருங்க, ஒரு கைல வாள், தோள்ல பிணம். அது நம்மோடதாவே இருக்கட்டும்.

கோடும் மையும் எழுதியது:

சங்கர் ஐயாவோட அந்த ஒரு படத்த வச்சே நான் ஒரு வகுப்பு எடுப்பேன். தோள்ல இருக்கற பிணத்தோட எடை அந்த ராஜா நிக்கிற நிலையில தெரியும்.

முப்பது ராத்திரி எழுதியது:

ரத்தக்காட்டேரிக்கு என்னென்ன விதின்னு பேச்சு வந்தாச்சுன்னா சூரிய வெளிச்சத்த பத்தியும் பேசணும். ஸ்டோக்கர் நாவல்ல டிராகுலா பகல்ல நடமாடுவான், சக்திதான் கம்மி. வெயில் பட்டா சாவாங்கிறது 1922ல வந்த நோஸ்ஃபெராட்டு சினிமாலேருந்து ஒட்டிக்கிட்டது. அந்த விதிய வச்சி புதுசா விளையாடினது அமெரிக்கன் வேம்பயர், 2010ல வெர்டிகோ போட்டது, ஸ்காட் ஸ்னைடர் கதை, ரஃபேல் அல்புகெர்கி படம், முதல் அஞ்சு இதழ்ல பாதிக் கதை ஸ்டீபன் கிங். ஐரோப்பாலேருந்து வந்த பழைய காட்டேரிங்க, சாரி, ரத்தக்காட்டேரிங்க வெயிலுக்கு ஒடுங்குவாங்க, அமெரிக்க மண்ணுல மாறின ஸ்கின்னர் ஸ்வீட்டுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது, அவனுக்கு ஆகாதது தங்கம்! மேற்குப் பக்கம் தங்கம் தேடி ஓடின நாட்டுல பொறந்த பிசாசுக்கு தங்கம் ஆகாதுன்னு வச்சான் பாருங்க. 2011ல புதுத் தொடருக்கான ஐஸ்னர் விருது வாங்கிச்சு.

வடலி எழுதியது:

ஐரோப்பா எண்டா இத்தாலிக்காரற்ற டாம்பிரையும் சொல்லோணும். டெக்ஸ் வில்லர் போடுற அதே போனெல்லி பதிப்பகம், 2000ம் ஆண்டு தொடங்கினது. பால்கன் யுத்தத்துக்குள்ள கதை தொடங்குது. ஹார்லன் எண்டவன் ஊர் ஊராப் போய் பேய் ஓட்டுறன் எண்டு சனத்த ஏமாத்திப் பிழைக்கிறவன், தான் உண்மையாவே ரத்தக்காட்டேரிக்குப் பிறந்தவன் எண்டு அவனுக்கே தெரியாது. எரிஞ்ச வீடுகள், ஆளில்லாத தெருக்கள், அதுக்க நிண்டு பயப்பிடுற சிப்பாய்கள். யுத்தம் பாத்த ஆக்களுக்கு அந்தப் பக்கங்கள் வேற மாதிரி இருக்கும். நான் முதல் இதழ மூண்டு தரம் மூடி வச்சுத்தான் வாசிச்சு முடிச்சன்.

நைட் டியூட்டி எழுதியது:

வடலி அண்ணா, நீங்க இத எழுதினதுக்கு நன்றி. டாம்பிர் கட்டாயம் படிக்கிறேன்.

இது இந்த இழைல என்னோட பெரிய பதிவா இருக்கும்னு நினைக்கிறேன், 70 முடிச்சிட்டேன். மறுபடி சொல்றேன், முடிவு வருது, படிக்கப் போறவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

தம்பி சொன்ன குறை முழுசா தப்பில்ல. 50-வது இதழ்ல விண்வெளிலேருந்து சில்வர் சர்ஃபர் வந்து இறங்கறார், அந்த இதழ் இந்த தொடருக்கு ஒட்டவே இல்ல. ஹெரால்டுன்னு ஒரு எழுத்தாளன் வர்ற பக்கங்கள் சிலது எனக்கு சலிச்சுது. ஆனா டிராகுலா டொமினிங்கிற பொண்ண கட்டிக்கிட்டு ஒரு குழந்தைக்கு அப்பாவாகற கட்டம் வருது பாருங்க, அடுத்தவங்க பிள்ளைகளை அழிச்சவனுக்கு பிள்ளைன்னா என்னன்னு அங்கதான் தெரியுது, அதுவும் அவன்கிட்ட நிலைக்கல. 12-வது இதழ்ல ஈடித்துக்கு அழுதவ நான், இங்க டிராகுலாவுக்காக மனசு கனத்துப் போய் உக்காந்திருந்தேன், அவனை மன்னிக்கவும் முடியல.

70-ல குவின்சி தனியா கோட்டைக்குப் போறார். யாரையும் கூட்டிட்டுப் போகல. அந்த உடம்ப வச்சிக்கிட்டு, அந்த வீல்சேர்ல. டிராகுலாவை குத்தறது எதால தெரியுமா, சக்கரத்துலேருந்து உருவின வெள்ளிக் கம்பியால. இத்தனை வருஷம் அவரை உக்கார வச்சிருந்த அந்த நாற்காலியோட கம்பி. அதுலயே வெடியும் வச்சிருக்கார், கோட்டையோட சேர்ந்து போயிடறார். விடியற்காலம் நாலரை இருக்கும், நான் எழுந்து போய் ஃபிரிட்ஜ் டெம்பரேச்சர் குறிச்சிட்டு வந்து மறுபடி அந்த பக்கத்தயே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எங்க தாத்தாவோட வீல்சேர் இன்னும் வீட்டு மாடில இருக்கு, யாருக்காச்சும் குடுத்துடலாம்னு அம்மா ரெண்டு வருஷமா சொல்றாங்க, நான்தான் வேணாம்னு வச்சிருக்கேன்.

பழைய பேப்பர் கடை எழுதியது:

தங்கச்சி, நான் இத முதல்ல படிச்சப்ப 69-வது இதழ் கிடைக்காம 70 மட்டும் பழைய புத்தகக் கடைல கிடைச்சி முடிவ மட்டும் படிச்சவன். அப்ப எனக்கு ஒரு கிழவர் செத்துப் போன கதையா மட்டும்தான் தெரிஞ்சுது. நீங்க 7-லேருந்து அவரோட வந்தீங்கல்ல, அதான் வித்தியாசம். நான் இந்த வாரம் திருப்பி முதல்லேருந்து எடுக்கறேன்.

மங்கா வெறியன் எழுதியது:

அக்கா நான் 7-வது இதழ் ஆரம்பிச்சிட்டேன். எழுத்து அதிகம்தான், ஆனா செயின்ட் நாய் வந்துடுச்சு, இனிமே நிறுத்த மாட்டேன்.

நைட் டியூட்டி எழுதியது:

12 முடிச்சதும் எந்த நேரமா இருந்தாலும் இங்க வந்து எழுது தம்பி, இந்த வாரம் பூரா எனக்கு நைட்டுதான்.